நான் தப்பென்று சொன்ன சரியான பதில்

தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர்ப் படிப்பகத்தில் பதினோரு வருடமாக ஞாயிறு மதியம் பிள்ளைகளுக்கு வினாடி வினா நடத்தி வருகிறேன். எனக்குத் தொழில் மோட்டார் காயில் கட்டுவது. வாத்தியார் இல்லை, போட்டித் தேர்வு எழுதித் தேறியவனும் இல்லை. பொது அறிவுப் புத்தகம் என்றால் சின்ன வயதிலிருந்தே ஒரு பிடிப்பு. கடையில் வேலை குறைவான நேரத்தில் கேள்விகளை ஒரு நீள நோட்டில் எழுதி வைப்பேன். அந்த நோட்டு இப்போது ஒன்பதாவது. இதைப் போல ஊரில் நடத்த நினைக்கிற தம்பி தங்கச்சிகள் அடிக்கடி கடைக்கு வந்து, "கேள்வி எங்கிருந்து எடுப்பீங்க, எப்படி எடுப்பீங்க?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன். முதலில் நான் செய்த ஒரு தப்பைச் சொல்ல வேண்டும்.

2019-ம் வருட ஆண்டு விழா. கடைசிச் சுற்று, மூன்று அணி. முதல் பரிசுக்கு நல்ல தமிழ் அகராதி ஒன்று வாங்கி வைத்திருந்தோம். பிள்ளைகள் சந்தோஷமாக முடிக்கட்டும் என்று சுலபமான கேள்வியாக எடுத்தேன்: "இந்தியாவின் தென்கோடி முனை எது?"

கேள்வி முதலில் போனது ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு பிள்ளையிடம். அவள் யோசிக்கவே இல்லை. "இந்திரா முனை" என்றாள். கூடத்தில் சிரிப்பு. நானும் மைக்கில், "நம்ம ஊரையே மறந்துட்டியே மக்ளே" என்று சொல்லிவிட்டேன். அடுத்த அணி "கன்னியாகுமரி" என்றது. பத்து மதிப்பெண், அகராதி அவர்களுக்கு. அந்தப் பிள்ளை அழவில்லை. முன்னால் இருந்த வெள்ளைத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை அவள் அப்பா கடைக்கு வந்தார். சண்டை போடும் முகம் இல்லை. "அண்ணே, ஒரு காரியம் கேக்கணும். எம் மவ சொன்னது தப்பா? நான் நிக்கோபார்ல கேம்பல் பேயில மூணு வருசம் கட்டட வேல பாத்தவன். அதுக்கும் தெக்கதான் இந்திரா முனை. அங்க உள்ளவங்க அதத்தான் இந்தியாவோட கடைசின்னு சொல்லுவாங்க" என்றார்.

அவர் போனதும் அட்லஸை எடுத்து விரித்தேன். கன்னியாகுமரி ஏறத்தாழ 8 பாகை 4 கலை வட அட்சத்தில் இருக்கிறது. கிரேட் நிக்கோபார் தீவின் நுனியில் உள்ள இந்திரா முனை 6 பாகை 45 கலை. முன்பு அதற்குப் பிக்மேலியன் முனை என்று பெயர். 2004 சுனாமியில் அந்த முனை தாழ்ந்துபோய், அங்குள்ள கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதி தண்ணீருக்குள் போனது. ஆனாலும் இந்தியாவின் தென்கோடி இன்றைக்கும் அதுதான். கன்னியாகுமரி இந்தியப் பெருநிலப்பரப்பின் தென்கோடி. "பெருநிலப்பரப்பு" என்ற ஒரு சொல்லை நான் கேள்வியில் விட்டேன். அதனால் சரியான பதில் சொன்ன பிள்ளை ஊர் முன்னால் தலைகுனிந்து உட்கார வேண்டி வந்தது.

அடுத்த ஞாயிறு அதே மைக்கில், அதே கூடத்தில், தப்பு என்னுடையது என்று சொன்னேன். அட்லஸைப் பிள்ளைகள் கையில் கொடுத்து இரண்டு இடத்தையும் விரல் வைத்துப் பார்க்கச் சொன்னேன். அகராதி இன்னொன்று வாங்கி அவளிடம் கொடுத்தேன். கேள்வி நடத்துகிற ஒருவரிடம் தப்பு நேர்ந்தால், எந்தச் சபையில் நேர்ந்ததோ அதே சபையில் திருத்த வேண்டும். தனியாகக் கூப்பிட்டு "நீ சொன்னது சரிதான் மக்ளே" என்று சொன்னால் போதாது. சிரித்தவர்கள் அத்தனை பேரும் கேட்க வேண்டும்.

அன்றிலிருந்து நோட்டு முழுவதையும் மறுபடி படித்தேன். எத்தனை கேள்விகளில் இப்படி ஒரு சொல் விழுந்துகிடக்கிறது என்று பார்த்தபோது பயமாக இருந்தது. "உலகின் மிகப் பெரிய பாலைவனம் எது?" நோட்டில் சஹாரா. ஆனால் மழைப்பொழிவை வைத்துத்தான் பாலைவனம் என்கிறோம். அந்தக் கணக்கில் அண்டார்டிகாதான் பெரியது. சஹாரா வெப்பப் பாலைவனங்களில் பெரியது. "உலகின் உயரமான மலை எது?" கடல் மட்டத்திலிருந்து அளந்தால் எவரெஸ்ட், 8,848.86 மீட்டர். அடிவாரத்திலிருந்து அளப்பதாக இருந்தால் ஹவாயில் உள்ள மௌனா கியா. அது கடலுக்கு மேலே 4,200 மீட்டர்தான் தெரியும். கடலடியிலிருந்து எடுத்தால் 10,000 மீட்டரைத் தாண்டும். பூமியின் மையத்திலிருந்து அளந்தால் ஈக்வடாரின் சிம்போராசோ. "எதிலிருந்து அளந்தால்" என்ற இரண்டு சொல் கேள்வியில் இருந்தாக வேண்டும்.

சில கேள்விகளைச் சொல் சேர்த்துக் காப்பாற்ற முடியாது, அடித்துவிட வேண்டியதுதான். "இந்தியாவின் தேசிய விளையாட்டு எது?" ஹாக்கி என்றுதான் நானும் பள்ளியில் படித்தேன். எந்த விளையாட்டையும் அப்படி அறிவிக்கவில்லை என்று விளையாட்டு அமைச்சகமே 2012-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பதில் கொடுத்திருக்கிறது. நிலாவில் நின்று பார்த்தால் சீனப் பெருஞ்சுவர் தெரியும் என்பதும் அப்படித்தான். சுவர் நீளம் உண்மை. ஆனால் அகலம் சில மீட்டர்தானே, அவ்வளவு தொலைவில் வெறும் கண்ணுக்கு எப்படித் தெரியும்? புத்தகம் அச்சில் இருக்கிறது என்பதற்காக நம்பிவிடக் கூடாது. ஒரு கைடு தப்பாகப் போட்டால் அடுத்த கைடு அதையே பார்த்துப் போடுகிறது. மூன்று புத்தகத்தில் ஒரே பதில் இருக்கிறது என்றால் மூன்று சாட்சி இருக்கிறது என்று எண்ண வேண்டாம். பல நேரம் ஒரே சாட்சியின் மூன்று நகல்தான் அது.

அப்புறம் தேதி. தமிழ்நாட்டில் எத்தனை மாவட்டம் என்று நான் நோட்டில் எழுதியபோது 32. 2019-ல் தென்காசி, கள்ளக்குறிச்சி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், செங்கல்பட்டு வந்தன. 2020-ல் மயிலாடுதுறை வந்து 38 ஆனது. சனிக் கோளின் நிலவுகளைக் கேட்டால் இன்னும் வேகம்: 2019-ல் 82, 2025 மார்ச்சில் 274. நிலவு புதிதாகப் பிறக்கவில்லை, மனிதன் கண்டுபிடித்து எண்ணுவது கூடுகிறது. இந்த மாதிரி பதில்களை இப்போது பென்சிலில்தான் எழுதுகிறேன், பக்கத்தில் மாதமும் வருடமும் போட்டு. கடையில் ஒரு மோட்டாரைக் கட்டிக் கொடுத்தால் அதன் மேல் தேதி எழுதி ஒட்டுவேன். பதிலுக்கும் அந்தச் சீட்டு வேண்டும்.

எங்கள் மாவட்டத்தைப் பற்றிய கேள்வியிலேயே இது உண்டு. "கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தது எப்போது?" 1956 நவம்பர் 1 என்று எல்லாப் பிள்ளைகளும் சொல்லும். திருவிதாங்கூர் கொச்சியிலிருந்த அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாவும் அன்று இந்தப் பக்கம் வந்தன. செங்கோட்டை திருநெல்வேலியோடு போனது. ஆனால் அன்று மாநிலத்தின் பெயர் சென்னை மாநிலம். தமிழ்நாடு என்ற பெயர் நடைமுறைக்கு வந்தது 1969 ஜனவரி 14-ல்தான். இதைச் சொன்னதும் ஒரு பையன், "அப்போ நாம சேந்தப்போ தமிழ்நாடுன்னு பேரே கெடையாதா சார்?" என்று வாய் திறந்து பார்த்தான். அந்த ஆச்சரியத்துக்காகத்தான் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விடுகிறேன்.

இனி முக்கியமான ஒன்று. பதிலோடு நிறுத்தும் கேள்வி பிள்ளைகள் மனதில் ஒரு வாரம்கூட நிற்பதில்லை. திருவள்ளுவர் சிலையின் உயரம் 133 அடி என்பது எங்கள் ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். 133 அதிகாரம் என்பதும் தெரியும். "பீடம் மட்டும் எத்தனை அடி, ஏன்?" என்று கேட்டுப் பாருங்கள். 38 அடி. அறத்துப்பாலில் 38 அதிகாரம். மேலே நிற்கும் சிலை 95 அடி. பொருட்பால் 70, இன்பத்துப்பால் 25, கூட்டினால் 95. அறத்தின் மேல் பொருளும் இன்பமும் நிற்கிற மாதிரி கணபதி ஸ்தபதி வடித்திருக்கிறார். இதைக் கேட்ட பிள்ளை அடுத்த முறை படகில் போகும்போது அண்ணாந்து மேலே மட்டும் பார்க்காது, பீடத்தையும் பார்க்கும். பெரியவர்களுக்கு 206 எலும்பு என்பதும் அப்படியே. பிறந்த குழந்தைக்கு அதைவிட அதிகம், வளர வளர சில எலும்புகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிடுகின்றன. 206-ஐ மனப்பாடம் செய்த பிள்ளைக்கு இதைச் சொன்னால் உடனே தன் தலையைத் தடவிப் பார்க்கும்.

இந்த "ஏன்" என்ற வாலை ஒட்டினால், பதில் சொல்லத் தெரிந்தவர்கள் யார் என்பதும் மாறிவிடுகிறது. அதை எனக்குக் காட்டிக்கொடுத்தது ஒரு கணவாய் மீன்.

"மூன்று இதயம் உள்ள கடல் உயிரி எது?" என்று கேட்டேன். ஆக்டோபஸ் என்றார்கள். "நாம் தின்னுகிற ஒன்றும் இருக்கிறதே" என்றேன். யாருக்கும் தெரியவில்லை. கணவாய் என்று சொன்னேன். இரண்டு இதயம் செவுளுக்கு ரத்தம் அனுப்பும், ஒன்று உடம்புக்கு. கடலோரத்திலிருந்து உறவுக்காரர் வீட்டுக்கு வந்திருந்த ஒரு பையன் பின்னாலிருந்து எழுந்தான். "சார், கணவாய்க்கு ரெத்தமே கெடையாதே. எங்கம்மெ தெனமும் வெட்டுவா. மை வரும், ரெத்தம் வராது."

நான் அவன் சொன்னதைத் தப்பென்று சொல்லவில்லை. 2019 அகராதி ஞாபகம் இருந்தது. "ரத்தம் வராதுன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். "செவப்பா ஒண்ணும் வராதே" என்றான். சரியான பார்வை. நம் ரத்தம் சிவப்பாக இருப்பது அதில் இரும்பு சேர்ந்த பொருள் இருப்பதால். கணவாய் ரத்தத்தில் செம்பு சேர்ந்த பொருள். பிராணவாயு ஏறியிருந்தால் நீலம், இறங்கிவிட்டால் நிறமே இல்லை. சட்டியில் வெட்டிப் போட்ட கணவாயில் ரத்தம் இருக்கிறது, கண்ணுக்கு அது ரத்தமாகத் தெரியாது. நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று வெள்ளையாக விற்கிறார்களே, அது அதே கணவாயின் உள் ஓடு என்றும் சொன்னேன். அந்தப் பையன் அன்று சாயங்காலமே வீட்டுக்குப் போன் போட்டு அம்மாவிடம் சொல்லியிருக்கிறான். "எங்கம்மெ நம்ப மாட்டேங்கா சார்" என்று அடுத்த வாரம் வந்து சொன்னான். நம்பாவிட்டால் பரவாயில்லை. அந்த அம்மா இனி கணவாய் வெட்டும்போது ஒரு நிமிடம் உற்றுப் பார்ப்பார்.

அதற்கப்புறம்தான் அடுக்களைச் சுற்று என்று ஒன்றைத் தொடங்கினேன். எல்லாச் சுற்றிலும் இதுதான் நன்றாகப் போகிறது. வீட்டிலிருந்து ஒரு பொருளைக் கொண்டுவர வேண்டும், அதன் சொந்த ஊரைச் சொல்ல வேண்டும். முதல் வாரம் ஒரு பிள்ளை மரச்சீனிக் கிழங்கு, அதாவது மரவள்ளி, கொண்டுவந்தாள். நம் ஊர்ப் பண்டம்தானே என்று எல்லோரும் நினைத்தார்கள். அது தென் அமெரிக்காவின் செடி. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அதை இங்கே பரப்பினார். கொல்லாம்பழமும், அதாவது முந்திரியும், பிரேசிலிலிருந்து போர்த்துகீசியர் வழியாக வந்தது. மிளகாயும் அமெரிக்கக் கண்டத்துச் சரக்குதான். "அப்போ வத்தல் வர்றதுக்கு முன்னாடி கறிக்கு எரிவு எங்கிருந்து சார்?" என்று கேள்வி வந்தது. பதில் வீட்டிலேயே இருக்கிறது, நல்லமிளகு. மேற்குத் தொடர்ச்சி மலைதான் அதன் தாய்வீடு. அதைத் தேடித்தான் வாஸ்கோ ட காமா 1498-ல் கோழிக்கோட்டுப் பக்கம் வந்து இறங்கினார். புதிதாக வந்த காய் மிளகைப் போல எரித்ததால் மிளகு போன்ற காய், மிளகாய். வந்தது எப்போது, இருந்தது எது என்று ஒரு சொல்லுக்குள்ளேயே வரலாறு கிடக்கிறது.

கிராம்பு கொண்டுவந்தவன் அதைக் காய் என்றான். தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவைத்து நகத்தால் பிரித்துக் காட்டினேன். உருண்டைத் தலைக்குள் இதழ்கள் மடங்கியிருக்கும். விரியாத பூமொட்டு அது. பூர்வீகம் இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகள். ஆனாலும் நம் மாவட்ட மலைகளில் விளையும் கிராம்புக்குக் கன்னியாகுமரி கிராம்பு என்றே 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. 2023-ல் மட்டி வாழைப்பழத்துக்கும் கிடைத்தது.

ரப்பரைப் பற்றிக் கேட்டபோது இன்னொரு விஷயம் நடந்தது. 1876-ல் பிரேசிலிலிருந்து விதை லண்டன் கியூ தோட்டத்துக்குப் போய், அங்கிருந்து ஆசியாவுக்கு வந்த கதையை நான் சொல்லிக்கொண்டிருந்தேன். "பால் ஏன் விடியற்காலத்தில் வெட்டுகிறார்கள்?" என்று போகிற போக்கில் கேட்டேன். வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்குகிறவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். எப்போதும் பேசாத ஒரு பையன், "வெயில் வந்தா பால் நின்னுரும் சார். அப்பா மூணு மணிக்கே தலையில லைட்டு கட்டிட்டுப் போவாரு" என்றான். பட்டைக்குள் இருக்கும் அழுத்தம் குளிர்ந்த நேரத்தில் அதிகம், வெயில் ஏறினால் இலை வழியாகத் தண்ணீர் போய் அழுத்தம் குறைந்துவிடும் என்ற காரணத்தை நான் சேர்த்தேன். அவ்வளவுதான் என் பங்கு. மீதி அவன் அப்பாவுடையது. அன்றைக்குப் பத்து மதிப்பெண் அவனுக்கு. அதற்குப் பிறகு அவன் ஒரு வாரம்கூட வராமல் இருந்ததில்லை.

கேள்வி எடுக்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: உங்கள் கூடத்தில் இருக்கும் பிள்ளைகளின் வீட்டுத் தொழில் என்ன என்று பாருங்கள். மீன், ரப்பர், பூ, செங்கல், எதுவானாலும் அதற்குள் விஞ்ஞானமும் வரலாறும் இருக்கும். மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கறுப்பாகக் கிடக்கும் மணலில் இல்மனைட் இருக்கிறது. அதிலிருந்து டைட்டானியம் டை ஆக்சைடு எடுக்கலாம், வெள்ளை பெயிண்டுக்கு வெண்மை தருவது அதுதான். "கறுப்பு மணலிலிருந்து வரும் வெள்ளை நிறம் எது?" என்று கேட்டுப் பாருங்கள், கூடம் நிமிர்ந்து உட்காரும். அதே மணலில் உள்ள மோனசைட்டில்தான் அணுசக்திக்குப் பயன்படும் தோரியம் இருக்கிறது.

ஊரில் நடந்துபோகிற தூரத்தில் உள்ளதையும் விடக் கூடாது. புலியூர்குறிச்சியில் உதயகிரிக் கோட்டைக்குள் டி லனாயின் கல்லறை இருக்கிறது. 1741 குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்ற டச்சுப் படையின் ஆள். தோற்ற பின் திருவிதாங்கூர்ப் படைக்கே தலைவனாகி, 1777-ல் இங்கேயே இறந்தார். கல்லில் லத்தீனும் தமிழும் இருக்கின்றன. பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனை. நிலம் தமிழ்நாடு, பராமரிப்பு கேரளத் தொல்லியல் துறை. இரண்டு இடத்துக்கும் பிள்ளைகளை நடத்தியே கூட்டிப்போய், அங்கே நிறுத்திக் கேள்வி கேட்டோம்.

ஆனால் எதை எங்கே கேட்பது என்பதில் நிதானம் வேண்டும். 2018-ல் மேற்குக் கடலோரக் கிராமம் ஒன்றில் கோடை விடுமுறையில் நடத்தக் கூப்பிட்டார்கள். நடப்புச் செய்திச் சுற்றில், "ஒக்கி புயலுக்கு அந்தப் பெயரைக் கொடுத்த நாடு எது?" என்று வாசித்தேன். பதில் வங்கதேசம். வங்க மொழியில் கண் என்று பொருள். தக்கலையில் இதைக் கேட்டபோது கை தூக்கப் போட்டி நடந்தது. அங்கே யாரும் கை தூக்கவில்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. முன்வரிசையில் இருந்த ஒரு பையன் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான். 2017 நவம்பர் 30-ல் அவன் அப்பா ஆழ்கடலில் இருந்திருக்கிறார். திரும்பவில்லை.

நான் நோட்டை மூடி வைத்தேன். கூப்பிட்டிருந்த அக்கா ஒருவர் வந்து, "உங்களுக்குத் தெரியாதுல்லா சார்" என்றார். தெரியாது என்பது சரியல்ல. எனக்குத் தெரியும், பேப்பரில் படித்தேன், படங்களைப் பார்த்தேன். கேள்வியாக எழுதியபோது அது வெறும் தகவலாக ஆகிவிட்டது. வெளியே போய் அந்தப் பையன் பக்கத்தில் சுவரோரம் உட்கார்ந்தேன். பேச ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அவனே, "புயலுக்கு ஏன் பேரு வைக்காங்க?" என்று கேட்டான். எச்சரிக்கை சொல்லும்போது குழப்பம் வராமல் இருக்க, ஒரே நேரத்தில் இரண்டு புயல் இருந்தால் பிரித்துச் சொல்ல, என்றேன். "எச்சரிக்க நேரத்துக்கு வந்தாத்தானே" என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அன்றிலிருந்து வெளியூருக்குக் கேள்வி கொண்டுபோனால் முதலில் அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் நோட்டைக் காட்டி, வேண்டாததை அடிக்கச் சொல்கிறேன். அவர் அடித்ததற்குக் காரணம் கேட்பதில்லை.

நடத்துகிற முறையில் சின்னச் சின்ன விஷயங்கள் சில. பஸ்ஸர் வைத்தால் வேகமானவன் ஒருவனே எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போவான், அதனால் நாங்கள் எடுத்துவிட்டோம். பதிலைத் தாளில் எழுதித் தூக்கிக் காட்டச் சொல்கிறோம். பேசக் கூச்சப்படுகிற பிள்ளைக்கு இதுதான் வழி. புத்தகங்களுக்குள்ளேயே எண் மாறுகிற கேள்வியைக் கேட்பதே இல்லை. மாத்தூர் தொட்டிப்பாலத்தின் உயரமும் நீளமும் ஒரு புத்தகத்தில் ஒன்று, இன்னொன்றில் வேறு. அதனால் "மாத்தூரில் ஆற்றுக்கு மேலே இன்னொரு ஆறு போல் தண்ணீர் ஏன் போகிறது?" என்று கேட்கிறோம். கீழே பறளியாறு, மேலே தொட்டியில் பாசனத் தண்ணீர். ஒரு மலையிலிருந்து அடுத்த மலைக்குப் பள்ளத்தில் இறங்காமல் கடத்தும் ஏற்பாடு அது.

அகராதி வாங்கிய பிள்ளையைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். 2022-ல் அவள் பத்தாம் வகுப்பு. கன்னியாகுமரி காந்தி மண்டபக் கேள்வி வந்தது: காந்தியின் அஸ்தி வைத்திருந்த இடத்தில் சூரிய ஒளி நேரே விழும் நாள் எது? அக்டோபர் 2 நண்பகல். கூரையில் அதற்கென்று துளை விட்டுக் கட்டியிருக்கிறார்கள். எல்லோரும் சரியாக எழுதினார்கள். அவள் மட்டும் தாளில் இரண்டு தேதி எழுதியிருந்தாள். அக்டோபர் 2, அதன் கீழே மார்ச் என்று எழுதி ஒரு கேள்விக்குறி. "சூரியன் தெக்க போகும்போது ஒரு தடவ அந்த எடத்தக் கடக்கும்னா, திரும்பி வரும்போதும் கடக்கணுமே சார்?" என்றாள்.

செப்டம்பர் 23 வாக்கில் சூரியன் நிலநடுக்கோட்டைத் தாண்டித் தெற்கே போகிறது. அக்டோபர் 2 அதற்கு ஒன்பது பத்து நாள் கழித்து. மார்ச் 20-ல் திரும்பி வரும் என்றால், ஒன்பது பத்து நாள் முன்னால், அதாவது மார்ச் 10, 11 வாக்கில், நண்பகல் சூரியன் அதே உயரத்தில் நிற்க வேண்டும். காகிதத்தில் கணக்கு சரி. கண்ணால் பார்க்க வேண்டாமா? படிப்பக முற்றத்தில் சிமெண்டுத் தரை சமமாக இருந்தது. ஒரு மீட்டர் நீளக் கம்பியை நட்டு, கொத்தனாரிடம் தூக்குக்குண்டு வாங்கி நேராக்கினோம். அக்டோபர் 2 அன்று ஞாயிறு. பதினொன்றே முக்காலிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் நிழல் நுனியில் சாக்பீஸ் புள்ளி வைத்தார்கள். நிழல் குறைந்துகொண்டே வந்து, 12.10-க்கு மிகக் குறைந்து, பிறகு நீள ஆரம்பித்தது. அளந்தால் 21 செ.மீ., வடக்கு நோக்கி.

ஐந்து மாதத்துக்கு மேல் காத்திருந்தோம். 2023 மார்ச் 12, அதுவும் ஞாயிறு. அதே கம்பி, அதே தூக்குக்குண்டு. 12.10-க்குப் பார்த்தால் நிழல் இன்னும் குறைந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் முகம் வாடியது. விடாமல் புள்ளி வைத்தார்கள். 12.30-ஐத் தாண்டித்தான் நின்றது. அளவு 20 அரை செ.மீ. அரை சென்டிமீட்டர் வித்தியாசம் ஒரு நாள் பிந்தியதால். நேரம் இருபது நிமிடம் தள்ளியது ஏன் என்பதற்குத் தனியாக இரண்டு வாரம் உட்கார்ந்தோம். பூமி சூரியனைச் சுற்றும் பாதை சரியான வட்டம் இல்லை, அச்சும் சாய்ந்திருக்கிறது. அதனால் சூரியனின் நண்பகல் நம் கடிகாரத்துக்கு முன்னும் பின்னும் ஆடுகிறது. ஏப்ரல் 10, 11 வாக்கில் அதே கம்பிக்கு நிழலே இல்லாமல் போனதையும் பார்த்தோம். அன்று நண்பகல் சூரியன் நேர் உச்சியில்.

கடையில் பற்று நோட்டு ஒன்று உண்டு. யார் எவ்வளவு தர வேண்டும் என்று எழுதுவது. வினாடி வினா நோட்டிலும் இப்போது கடைசியில் பாக்கி என்று ஒரு பக்கம் வைத்திருக்கிறேன். பிள்ளைகள் கேட்டு, நான் இன்னும் பதில் தராத கேள்விகள், கேட்டவர் பெயரோடு. பதில் சொன்னதும் ஒரு கோடு போட்டு அடிப்பேன். இன்றைக்கு அதில் ஏழு இருக்கின்றன. ஆரல்வாய்மொழியில் காற்றாடி சுற்றாமல் நிற்கும் நாளில் அதற்கு மின்சாரம் வெளியிலிருந்து வேண்டுமா என்று ஒன்று. மட்டிப்பழத்துக்குள் விதை எங்கே போனது என்று நான்காம் வகுப்புப் பையன் ஒருவன். கல்லூரிக்குப் போய்விட்ட அந்தப் பிள்ளையின் பெயரிலும் ஒன்று அடிக்காமல் இருக்கிறது. அடுத்த மார்ச் 10-ம் தேதி வாக்கில் நண்பகலில் அவளையும் கூட்டிக்கொண்டு காந்தி மண்டபத்துக்கே போய், கூரைத் துளைக்குக் கீழே நிற்பதாக இருக்கிறோம். 12.31-க்கு.